கீழே கசியும் லிட்டருக்கு யார் கணக்கு?

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



பெட்ரோல் பங்க்கில் நாம் எல்லோருமே கெட்டிக்காரர்கள்தான். வண்டியை நிறுத்தியதும் மீட்டரில் சைபர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கிறோம். நூறு ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்றுவார்கள், நூற்றுப்பத்துக்குப் போடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே போடுகிறோம். அஞ்சு மில்லி குறைந்தாலும் சண்டைக்குத் தயார்! ஆனால் நாம் நிற்கிற அந்தத் தரைக்குக் கீழே, மணல் நிரப்பிய குழிக்குள், பத்தாயிரம் இருபதாயிரம் லிட்டர் பிடிக்கிற இரும்பு டேங்க்குகள் படுத்துக் கிடக்கின்றன. அவற்றிலிருந்தோ அவற்றின் குழாயிலிருந்தோ மண்ணுக்குள் சொட்டுகிற எண்ணெய்க்கு மீட்டர் கிடையாது. சண்டை போடவும் ஆள் கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு. குழாய் மூட்டு ஒன்றில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஆக ஒரு நாளைக்கு 4.3 லிட்டர், ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,577 லிட்டர். நம் வீட்டுக் குழாய் இப்படி ஒழுகினால் வாஷர் மாற்றக்கூட சோம்பல் படுவோம். அவ்வளவு சின்ன ஒழுகல்தான் அது.

மண் மாசு என்று பேச்சு வந்தாலே எல்லோரும் உடனே "எப்படிச் சுத்தம் செய்வது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பாக்டீரியா, ரசாயனம், வெளிநாட்டு மிஷின் என்று பட்டியல் நீளும். என் கட்சி வேறு. சுத்தம் செய்வது இரண்டாவது வேலை. நம் நாட்டில் முதல் வேலையே நடப்பதில்லை. டேங்க்கைப் புதைப்பதற்கு முன்பே அந்த இடத்து மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துப் பதிவு செய்துவிட வேண்டும். ஒவ்வொரு பங்க்கிலும் கண்காணிப்புக் கிணறு இருக்க வேண்டும். அந்த ரிசல்ட் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்காரருக்கும் தெரிய வேண்டும். இதைச் செய்யாமல் எத்தனை கோடிக்குச் சுத்திகரிப்பு மிஷின் வாங்கினாலும், அது எங்கே நிற்க வேண்டும் என்றே தெரியாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் 720 கிராமிலிருந்து 775 கிராமுக்குள்தான் இருக்கும். கசிந்த பெட்ரோல் மண் துகள்களுக்கு நடுவே புகுந்து கீழே இறங்கும். போகிற வழியில் கொஞ்சம் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் ஆவியாகி மண்ணின் துளைகள் வழியாகவே பக்கவாட்டில் பரவி, யாரோ ஒருவர் வீட்டுச் செப்டிக் டேங்க்கிலோ சாக்கடையிலோ போய்ச் சேரும். அங்கே ஒரு தீக்குச்சி போதும். மிச்சம் நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் எண்ணெய்ப் படலமாக அதன் மேல் மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும், படலமும் இறங்கும். ஐப்பசி மழையில் நீர்மட்டம் ஏறும், படலமும் ஏறும். இப்படி வருஷா வருஷம் ஏறி இறங்கி, அந்த உயரம் முழுவதும் சுவருக்குப் பெயின்ட் அடித்த மாதிரி மண்ணுக்குப் பூசி வைத்துவிடும். பிறகு டேங்க்கையே எடுத்துவிட்டாலும் அந்தப் பூச்சிலிருந்து மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும்.

கரைவதில் மோசமானது பென்சீன். ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பொருள். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கிற பி.எஸ்-6 பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம் இருக்கலாம். ஒரு லிட்டரில் 10 மில்லி, எடையில் 8.8 கிராம் என்று வையுங்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுவதும் கரைந்தால் 8,80,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் 73 லோடு தண்ணீர்! முழுவதும் கரையாது, பாதி ஆவியாகும், பாக்டீரியா தின்னும் என்பதெல்லாம் உண்மைதான். பத்தில் ஒரு பங்கு கரைந்தாலும் ஏழு லோடு. இதில் இன்னொரு வேதனை, நம் மூக்கு இதற்கு உதவாது. தண்ணீரில் பென்சீன் வாசனை நமக்குத் தெரிய ஆரம்பிப்பதற்குள் அந்த 10 மைக்ரோகிராம் எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும்.

சரி, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கருவி ஒரு கம்பு. ஆமாம், கம்புதான்!

என் அப்பா பல வருஷம் ஒரு பங்க்கில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஐந்தாவதோடு சரி. ஆனால் காலையில் முதல் வேலையாக டிப் பார்ப்பதில் அவரை மிஞ்ச முடியாது. டேங்க் மூடியைத் திறந்து டிப் ராடை நேராக இறக்க வேண்டும், சாய்க்கக் கூடாது, அடியில் இடிக்கக் கூடாது. எடுத்ததும் ஈரம் எந்தக் கோடு வரை என்று பார்த்து, சார்ட்டில் அதற்கு எத்தனை லிட்டர் என்று எடுக்க வேண்டும். நேற்றைய இருப்போடு இறங்கிய லோடைக் கூட்டி, விற்றதைக் கழித்தால் இன்று இருக்க வேண்டியது வரும். கம்பு காட்டுவது இதைவிடக் குறைந்துகொண்டே போனால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். "கம்பு பொய் சொல்லாதுடா, எழுதுறவன்தான் பொய் சொல்லுவான்" என்பார் அப்பா. கம்பின் நுனியில் தடவுகிற வாட்டர் பேஸ்ட் இன்னொரு துப்பு கொடுக்கும். மழைக்காலத்தில் டேங்க்குக்குள் தண்ணீர் ஏறினால் பேஸ்ட் நிறம் மாறும். வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் வழியாக, நீர்மட்டம் இறங்கியதும் உள்ளே இருப்பது வெளியே போகும் அல்லவா?

அந்தப் பங்க்கில் ஒரு சமயம் கணக்கு தொடர்ந்து குறைந்தது. குறைந்தால் முதலாளிக்கு முதலில் யார் மேல் சந்தேகம் வரும்? அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் மூன்று மாசம் சம்பளத்திலிருந்து ஷார்டேஜ் கட்டினார்கள். டேங்க்கைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் அந்தப் பங்க் மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். டேங்க்கை எடுத்தார்களா, மணலைக் கொட்டி அப்படியே விட்டார்களா, தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பின்பக்க வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணியில் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கிறது என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஒரு ஆபீசுக்குப் போனார்கள். "அது பங்க்ல இருந்துதான் வந்துச்சுன்னு எப்படிம்மா சொல்றீங்க? உங்க மோட்டார் ஆயிலா இருக்கும், போய்ட்டு வாங்க" என்று பதில்.

கேட்ட விதம் தப்பு. ஆனால் கேள்வி இருக்கிறதே, அது சரியான கேள்வி! அந்த டேங்க் கசிந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. கசியவில்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாத இடத்தில் நஷ்டம் எப்போதும் கீழே இருப்பவன் தலையில்தான் விழும். எங்கள் வீட்டில் அது சம்பளத்தில் விழுந்தது. அந்த அக்கா வீட்டில் குடத்தில் விழுந்தது. இதற்காகத்தான் நான் சுத்திகரிப்பைவிடச் சோதனையைப் பற்றி அதிகம் பேசுகிறேன்.

"அதெல்லாம் அந்தக் காலம், இப்போ எல்லாம் ஆட்டோமேஷன்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். டேங்க்குக்குள் சென்சார் இருக்கிறது, கம்ப்யூட்டரில் லெவல் தெரிகிறது, வாஸ்தவம். ஆனால் எந்த மிஷினுக்கும் ஒரு எல்லை உண்டு. இந்த விஷயத்தில் அதிக அனுபவப்பட்ட நாடு அமெரிக்கா. அங்கே டேங்க்கில் பொருத்துகிற தானியங்கிக் கருவி மணிக்கு 0.2 காலன் கசிவைக் கண்டுபிடித்தால் போதும் என்று விதி. நம் கணக்கில் மணிக்கு முக்கால் லிட்டர், நாளைக்கு 18 லிட்டர். அதற்குக் கீழே கசிந்தால் கருவி வாயைத் திறக்காமலே இருக்கலாம். வெறும் இருப்புக் கணக்கை மட்டும் நம்பினால் இன்னும் மோசம். மாத விற்பனையில் 1 சதவீதத்தோடு 130 காலன் சேர்த்து, அதுவரை குறைந்தால் கசிவு என்று சந்தேகப்படத் தேவையில்லை என்பது அவர்கள் விதி. மாதம் ஒரு லட்சம் லிட்டர் விற்கிற பங்க் என்றால் 1,000 லிட்டரும் 492 லிட்டரும், ஆக 1,492 லிட்டர் காணாமல் போனாலும் நோட்டுப் புத்தகம் அமைதியாக இருக்கும்! தவிர, கசிவெல்லாம் டேங்க்கிலேயே நடப்பதும் இல்லை. குழாய் மூட்டு, பம்ப்புக்கு அடியில் உள்ள இணைப்பு, லோடு இறக்கும்போது வழிவது என்று வழிகள் பல. டேங்க்குக்குள் இருக்கிற சென்சாருக்கு வெளியே வழிந்தது எப்படித் தெரியும்?

அமெரிக்காக்காரன் புத்திசாலி, நாம் முட்டாள் என்று சொல்ல வரவில்லை. அவர்களும் கண் கெட்ட பிறகுதான் சூரிய நமஸ்காரம் செய்தார்கள். பூமிக்கடியில் இருக்கிற டேங்க்குகளுக்கென்று 1984-ல்தான் சட்டம் வந்தது. 1986-ல் காலனுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி போட்டு, சுத்தம் செய்ய நிதி சேர்த்தார்கள். 1988-ல் விதிகள். பழைய டேங்க்குகளைச் சரி செய், மாற்று, இல்லையென்றால் மூடு என்று 1998 டிசம்பர் வரை பத்து வருஷம் கெடு. அதற்குப் பிறகு தோண்டத் தோண்ட வந்த கணக்கு மலைக்க வைக்கிறது. உறுதி செய்யப்பட்ட கசிவுகள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல்! பெரும்பாலானவற்றைச் சுத்தம் செய்து முடித்துவிட்டார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேல் இன்னும் பாக்கி. நான் கவனிக்கச் சொல்வது அந்த ஐந்தரை லட்சத்தை. அங்கே டேங்க் இரும்பு நம்முடையதைவிட மட்டமானதா? இல்லை. தேடினார்கள், கிடைத்தது. 2025-ல் நம் நாட்டில் பங்க்குகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இங்கே கசிவு குறைவு என்று யாராவது சொன்னால், தேடிப் பார்த்துச் சொல்கிறாரா, தேடாமல் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

தேடுவது எப்படி என்பது நம் சிலபசுக்கு வெளியே இருக்கிற பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அதுவும் சிவில்காரர்களுக்கு இது வீட்டுச் சாப்பாடு மாதிரி.

முதலில் பழைய வரைபடம், லைசென்ஸ் பிளான், டேங்க் எங்கே, குழாய் எப்படிப் போகிறது, சுற்றி எத்தனை கிணறு, எத்தனை போர்வெல், யார் குடிக்கிறார்கள் என்ற விசாரணை. வயசானவர்களைக் கேட்க வேண்டும். ஆபீஸ் ஃபைலில் இல்லாதது அவர்களிடம் இருக்கும். பிறகு டேங்க்கைச் சுற்றிலும் குழாய்ப் பாதையிலும் ஆகர் வைத்துத் துளை போட்டு, அரை மீட்டருக்கு ஒரு தடவை மண் எடுக்க வேண்டும். (டேங்க்கையே துளைத்துவிடாமல் இருக்கத்தான் முதலில் வரைபடம் கேட்டேன்.) எடுத்த மண்ணைக் கண்ணாடி ஜாடியில் பாதி போட்டு, இறுக மூடி, கொஞ்ச நேரம் வெதுவெதுப்பில் வைத்து, மேலே சேர்ந்திருக்கிற ஆவியைக் கைக்கருவியால் அளந்தால் எந்த ஆழத்தில் எண்ணெய் அதிகம் என்று ஸ்பாட்டிலேயே ஒரு யோசனை கிடைக்கும். உறுதியாகச் சொல்ல லேபில் கேஸ் குரோமட்டோகிராஃப் வேண்டும். தண்ணீர் மாதிரியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். குமிழி இருந்தால் பென்சீன் தண்ணீரை விட்டு அந்தக் காற்றுக்குத் தாவிவிடும்; ரிசல்ட் நல்லதாக வரும், தண்ணீர் மட்டும் நல்லதாகாது. அந்த அக்கா ஆபீசுக்குக் கொண்டுபோன பிளாஸ்டிக் பாட்டிலை யாராவது வாங்கிச் சோதித்திருந்தாலும் சரியான விடை வந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? இங்கேதான் நாம் இரண்டாம் ஆண்டில் வெயிலில் நின்று திட்டிக்கொண்டே செய்த லெவலிங் உதவிக்கு வருகிறது. குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறு, ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. மூன்றின் வாய் மட்டத்தையும் லெவல் கருவியால் எடுத்து, உள்ளே தண்ணீர் எத்தனை ஆழம் என்று டேப் விட்டுக் கழித்தால் மூன்று நீர்மட்டம் கிடைக்கும். 46.20, 46.05, 45.90 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கிணற்றுக்கும் மூன்றாவது கிணற்றுக்கும் கோடு போட்டால் அதன் நடுப்புள்ளியில் நீர்மட்டம் 46.05. அந்த நடுப்புள்ளியையும் இரண்டாவது கிணற்றையும் சேர்த்தால் அது சம நீர்மட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாக, மூன்றாவது கிணறு இருக்கிற தாழ்ந்த பக்கம் நோக்கித் தண்ணீர் போகிறது. அவ்வளவுதான்! மேல்பக்கக் கிணற்றில் சுத்தம், கீழ்பக்கக் கிணற்றில் பென்சீன் என்றால் "பங்க்ல இருந்துதான் வந்துச்சுன்னு எப்படிம்மா சொல்றீங்க" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மேல்பக்கத்திலேயே பென்சீன் இருந்தால் பங்க்காரர் பாவம், வேறு யாரோ. ஆக இந்தச் சோதனை முதலாளிக்கும் நல்லதுதான். அதை அவர்களுக்குப் புரிய வைப்பதுதான் பாடு.

ஒரு எச்சரிக்கை. 1995-ல் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார் நூற்றுக்கணக்கான கசிவு இடங்களின் ரிக்கார்டுகளை அலசி, பென்சீன் பரவல் பெரும்பாலும் 250 அடி தூரத்துக்குள் நின்றுவிடுகிறது, மண்ணில் இருக்கிற பாக்டீரியாவே தின்றுவிடுகிறது என்றார்கள். பல பேருக்கு நிம்மதி. ஆனால் அதே மாநிலத்தில் சாண்டா மோனிகா நகரத்துக்கு அதே காலத்தில் நடந்ததைப் பாருங்கள். புகை குறைய வேண்டும் என்று பெட்ரோலில் கலந்த எம்.டி.பி.இ. என்ற பொருள் மண்ணிலும் ஒட்டாது, பாக்டீரியாவுக்கும் லேசில் மசியாது. அது கசிந்து, தண்ணீரோடு தண்ணீராக ஓடி, நகரத்தின் குடிநீர்க் கிணறுகளில் சேர்ந்தது. 1996-க்குள் கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. நகரத்துத் தண்ணீரில் ஏறக்குறைய பாதி போயிற்று. 2004-லிருந்து அந்தப் பொருளுக்கே அங்கே தடை. காற்றுக்குக் கொடுத்த மருந்து தண்ணீருக்கு விஷமான கதை.

நமக்கு எம்.டி.பி.இ. கதை எதற்கு என்கிறீர்களா? நம் பெட்ரோலில் 2025-ல் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் அடம் பிடிக்காது. பாக்டீரியா ஆசையாகத் தின்னும். அதில்தான் சிக்கல். பந்தியில் முதலிலேயே பாயசத்தை வயிறு முட்ட ஊற்றினால் சோறு மிச்சமாகும் இல்லையா? அது மாதிரி எத்தனாலைத் தின்பதிலேயே மண்ணில் இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துபோய், பென்சீன் தின்னப்படாமல் இன்னும் கொஞ்ச தூரம் நடந்துவிடும். அப்பாவின் வாட்டர் பேஸ்ட்டுக்கும் இதனால் மவுசு குறைந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் எத்தனால் கலந்த பெட்ரோல் அதைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அளவு மீறிப் பிரியும்வரை அடியில் தண்ணீர் தனியாக நிற்காது. பழைய துப்பு ஒன்று நம் கையை விட்டுப் போகிறது, பதிலுக்குப் புதிது ஒன்று வேண்டாமா?

அந்த 250 அடியும் நம் ஊருக்கு அப்படியே செல்லாது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அடியில் கெட்டிப் பாறை. மேலே கொஞ்சம் மண், கீழே உளுத்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள். தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் போகும். எண்ணெயும் அந்த வழிதான். பங்க்குக்கு அடுத்த வீட்டுக் கிணறு சுத்தமாக இருக்க, மூன்றாவது தெருவில் ஓடுகிற போர்வெல் மோட்டார் வெடிப்பு வழியாக இழுத்துக்கொள்ளலாம். மணல் பாங்கான வட சென்னையில் வேறு விதம். 2013-ல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போகிற எண்ணெய்க் குழாய் கசிந்து, வீடுகளின் போர்வெல்லில் எண்ணெய் வந்ததும், விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் பலருக்கு நினைவிருக்கும். அங்கேயும் மக்கள் வீட்டு பம்ப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது. நம் நாட்டில் கண்காணிப்புக் கிணறு என்பது ஏழைகளின் அடுப்படியில் இருக்கிறது, நண்பர்களே!

இனி சுத்தம் செய்வதைப் பார்ப்போம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, தோண்டி அள்ளி லாரியில் ஏற்றி எங்கேயாவது கொட்டுவது. இதற்குப் பெயர் சுத்தமா? பட்டணத்து அழுக்கைக் கிராமத்து ஏரிக்கரைக்கு மாற்றுவதை நான் சுத்தம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். தோண்டுவது சில இடத்தில் அவசியம்தான். டேங்க்கை ஒட்டி எண்ணெய் ஊறிப்போன மண்ணை விட்டுவைக்க முடியாது. ஆனால் அள்ளிய மண்ணைத் தார்ப்பாய் விரித்த தளத்தில் குவித்து, காற்றுக் குழாய் சொருகி, ஈரம் காத்து, யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டால் பாக்டீரியாவே சில மாதங்களில் பெருமளவு தின்றுவிடும். கார்பன் 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணெய் தின்கிற பாக்டீரியா என்றதும் நம்மவர் ஆனந்த மோகன் சக்ரவர்த்தி ஞாபகம் வரும். அவர் உருவாக்கிய பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. பெருமைதான். ஆனாலும் புட்டியில் அடைத்த பாக்டீரியாவை விற்க வருகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். தின்கிற பாக்டீரியா நம் மண்ணிலேயே இருக்கிறது; அதற்கு இல்லாதது காற்றும் சத்தும்தான்.

தோண்ட முடியாத இடத்தில், கட்டடத்துக்கு அடியில், மணல் மண்ணாக இருந்தால் குழாய் இறக்கி வேக்குவம் பம்ப் வைத்து ஆவியை உறிஞ்சலாம். உறிஞ்சியதைக் கரி ஃபில்டரில் விட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணில் இருந்ததைத் தெருக்காற்றில் விட்டதாகும். களிமண்ணில் இந்த வித்தை பலிக்காது, காற்று புகாது. மிதக்கிற படலத்தைக் கிணற்றிலிருந்து வழித்து எடுக்கலாம். தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்து விடுவது பழைய முறை. மண்ணில் ஒட்டியிருப்பது விட்டுக்கொண்டே இருப்பதால் வருஷக்கணக்கில் மோட்டார் ஓடும். "இயற்கையே பார்த்துக்கொள்ளும், நாம் அளந்துகொண்டு மட்டும் இருப்போம்" என்பதும் ஒரு முறைதான், சில இடங்களில் நியாயமான முறையும்கூட. ஆனால் அதில் "அளந்துகொண்டு" என்ற பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் பிடித்துக்கொள்வதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

செலவு யார் செய்வது? மாசு செய்தவனே கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது 1996-ல், அதுவும் நம் வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை வழக்கில். 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்றே தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகமான இடங்களை மாவட்ட நிர்வாகமோ உள்ளாட்சியோ பட்டியல் கொடுக்க வேண்டும், மாநில வாரியம் சோதிக்க வேண்டும், பொறுப்பானவர் செலவை ஏற்க வேண்டும். வரவேற்கிறேன். ஆனால் சந்தேகப்படவே ஒரு ரிசல்ட் வேண்டுமே! 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புதுப் பங்க்குகள் பள்ளிக்கூடம், பத்துப் படுக்கைக்குக் குறையாத மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றது. இடமில்லாவிட்டால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டராவது வேண்டும். அந்தக் கலிஃபோர்னியாவின் 250 அடியே 76 மீட்டர். ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தால் மூச்சுக்குப் பாதுகாப்பு, குடத்துக்கு?

நம் நாட்டில் 2024-25-ல் செலவான பெட்ரோல் சுமார் 4 கோடி டன். ஏறக்குறைய 5,400 கோடி லிட்டர். லிட்டருக்கு ஒரே ஒரு பைசா ஒதுக்கினால் 54 கோடி ரூபாய். டீசலைச் சேர்க்கவே இல்லை. ஒரு லட்சம் பங்க்குக்குப் பிரித்தால் தலைக்கு வருஷம் 5,400 ரூபாய். இதில் சுத்திகரிப்பு நடக்காது, தெரியும். ஆனால் கண்காணிப்புக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஒரு தொடக்கம் இது. ஒரு பைசா நாணயம் இப்போது செல்லாது என்பதற்காக ஒரு பைசாவின் பலமும் செல்லாமல் போய்விடுமா?

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். இந்த செமஸ்டரில் நம் பிரிவின் புராஜெக்ட் தலைப்புகளில் பாதி, சீனியர்கள் செய்ததையே அட்டை மாற்றிச் செய்வதாக இருக்கிறது (கோபித்துக்கொள்ளாதீர்கள்). நான் கொடுத்திருக்கிற தலைப்பு, நம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி உள்ள கிணறுகள், போர்வெல்களின் நீர்மட்டம் எடுத்துச் சம நீர்மட்ட வரைபடம் போடுவது. பங்க்குக்குள் யாரும் நம்மை விட மாட்டார்கள். வீட்டுக் கிணற்றுக்கு யார் அனுமதியும் வேண்டாம், வீட்டுக்காரம்மா சரியென்றால் போதும். எந்தப் பங்க்குக்குக் கீழ்ப்பக்கம் யார் வீட்டுக் கிணறு என்று அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும். கெமிக்கல் பிரிவிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தால் தண்ணீர் மாதிரி எடுக்கிற வேலையும் ஆரம்பிக்கலாம். சாயில் லேபில் ஹேண்ட் ஆகர் ஒன்று இருக்கிறது, கைப்பிடி உடைந்து கிடக்கிறது. மெக்கானிக்கல் நண்பர்கள் ஒரு வெல்டிங் வைத்துக் கொடுத்தால் நல்லது. லெவல் கருவிக்கு ஹெச்.ஓ.டி. சாரிடம் கையெழுத்து வாங்கியாயிற்று. சனிக்கிழமை மதியம் சர்வே ஸ்டோருக்கு வெளியே இருப்பேன்.